உள்ளூர் அருங்காட்சியகத்தில் டைனோசருக்கு இடம் உண்டா?

கோடை விடுமுறை வந்தால் உலகின் பல சிறு நகரங்களில் உள்ள வரலாற்று அருங்காட்சியகங்கள் டைனோசர் கண்காட்சி நடத்துகின்றன. மற்ற மாதங்களில் பழைய நாணயங்களும் வாள்களும் நிலப் பத்திரங்களும் ஊர்ப் பெரியவர்களின் படங்களும் பார்க்க ஆளில்லாமல் கிடக்கும் அதே கூடத்துக்கு, டைனோசர் வந்துவிட்டால் கைக்குழந்தையோடும் தாத்தா பாட்டியோடும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இது சரிதானா என்ற வாதம் அருங்காட்சியகத் துறையில் நெடுநாளாக நடக்கிறது. மக்கள் முதலில் உள்ளே வரட்டும், வந்தவர்கள் மற்றதையும் பார்ப்பார்கள் என்பது ஒரு கட்சி. வரலாற்றுக்கென்று ஏற்பட்ட இடத்தைப் பொருட்காட்சித் திடலாக்குகிறார்கள் என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே கூட்டத்தைப் பற்றிய பேச்சு. நாம் கேட்க வேண்டியது வேறு: காட்டப்படும் விலங்குக்கும் அது நிற்கும் ஊருக்கும் என்ன உறவு? அந்த உறவைச் சொல்ல முடிகிற கண்காட்சிக்கு உள்ளூர் அருங்காட்சியகத்தில் முழு உரிமை உண்டு. சொல்ல முடியாதது எவ்வளவு பெரிய கூட்டத்தைச் சேர்த்தாலும் அந்த இடத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. இதுவே இந்தக் கட்டுரையின் வாதம்.

டைனோசர் என்னும் பிரிவுக்குப் பெயர் வைக்கப்படுவதற்கு முன்பே கிடைத்த ஒரு டைனோசரை ஊரின் சொத்தாகக் கருதும் இடம் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் இருக்கும் மெய்ட்ஸ்டன். 1834இல் அங்கே பென்ஸ்டெட் என்பவரின் கல் குவாரியில் வெடி வைத்துக் கல் உடைத்தபோது, பாறைத் துண்டுகளில் எலும்புகள் தெரிந்தன. அவை இகுவானோடானின் எலும்புகள் என்று அடையாளம் கண்டவர் கிடியன் மான்டெல். சசெக்ஸில் கிடைத்த பற்களை வைத்து 1825இலேயே அந்த விலங்குக்குப் பெயரிட்டிருந்த மருத்துவர் அவர். நண்பர்கள் 25 பவுண்டு திரட்டி அந்தப் பாறையை வாங்கி அவருக்குக் கொடுத்தார்கள். 1838இல் அவருடைய சேகரிப்பு பிரிட்டிஷ் மியூசியத்துக்கு விற்கப்பட்டதால் எலும்பு லண்டனுக்குப் போய்விட்டது. ரிச்சர்ட் ஓவன் டைனோசர் என்ற பிரிவையே வகுத்தது அதற்குப் பிறகுதான், 1842இல். எலும்பு போனாலும் ஊர் அதை விட்டுவிடவில்லை. 1949இல் மெய்ட்ஸ்டன் தன் நகரச் சின்னத்தில் கேடயத்தைத் தாங்கி நிற்கும் விலங்குகளில் ஒன்றாக இகுவானோடானைச் சேர்த்துக்கொண்டது. அந்த எலும்புகளை இன்றைய ஆய்வாளர்கள் வேறு பேரினத்தில் வைக்கிறார்கள் என்பதும் இந்த உறவைக் குறைக்கவில்லை. குவாரியில் கல் உடைத்த தொழிலாளி, எலும்பை விலைக்கு வாங்கித் தந்த நண்பர்கள், லண்டனுக்குப் போன சேகரிப்பு, நகராட்சி எடுத்த முடிவு எல்லாமே மனிதர் வரலாறு. அந்த வரலாற்றுக்குள் ஒரு டைனோசர் நிற்கிறது. மெய்ட்ஸ்டனில் டைனோசர் கண்காட்சி வைத்தால், அது வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் பொருந்துமா என்று கேட்கவே முடியாது.

இதற்கு மாறாகத் தோன்றும் சான்று ஒன்றும் அதே நாட்டில் உண்டு. டிப்பி என்று செல்லமாக அழைக்கப்படும் டிப்ளோடாகஸ் எலும்புக்கூடு இங்கிலாந்தின் மண்ணுக்குச் சொந்தமானதல்ல. அசல் எலும்புகள் அமெரிக்காவின் வயோமிங்கில் கிடைத்தவை. இரும்புத் தொழில் செல்வர் ஆண்ட்ரூ கார்னகி பரிசாகக் கொடுத்த பிளாஸ்டர் வார்ப்பு 1905 மே மாதம் லண்டனில் திறந்து வைக்கப்பட்டது. 292 துண்டுகள் கொண்ட இந்த வார்ப்பு 2017இல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்திலிருந்து இறக்கப்பட்டு, நீலத் திமிங்கிலத்துக்கு இடம் விட்டது. 2018 முதல் அது நாடு முழுக்கச் சுற்றியது: டார்செட் மாவட்டத்தின் டார்ச்செஸ்டர், பர்மிங்ஹாம், பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ, நியூகாசில், கார்டிஃப், ராச்டேல், கடைசியில் நார்விச் தேவாலயம். 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அசல் எலும்பும் இல்லை, உள்ளூர் விலங்கும் இல்லை; அப்படியிருந்தும் இவ்வளவு பேர் வந்தார்களே, பிறகு மண்ணின் உறவு எதற்கு என்று கேட்கலாம். பயணத்தை வகுத்தவர்களே இதற்குப் பதில் தந்துவிட்டார்கள். போன ஊரிலெல்லாம் அவ்வூரின் இயற்கையைத் தேடிப் போகும்படி மக்களைத் தூண்டுவதே பயணத்தின் நோக்கம் என்று அறிவித்திருந்தார்கள். முதல் நிறுத்தமே டார்செட். 2001இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஜுராசிக் கடற்கரையின் பெரும்பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. விருந்தாளி வெளியூர்க்காரராக இருக்கலாம், வீட்டுக்காரர் பேசாமல் இருந்தால்தான் தவறு. டிப்பி தரும் இன்னொரு பாடம், பொருள் அசலா வார்ப்பா என்பது நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமில்லை என்பது. வார்ப்பை வார்ப்பு என்று சொல்லிக் காட்டினால் எந்தக் குழந்தையும் ஏமாற்றமடைவதில்லை. பெரிய எலும்புகள் தலைநகரங்களுக்குப் போய்விட்ட உலகத்தில், சிறிய ஊர்களின் அருங்காட்சியகங்களுக்கு இது பெரிய விடுதலை.

எலும்புகள் தலைநகருக்குப் போவது இங்கிலாந்தின் கதை மட்டும் அல்ல. இன்றைய தெலங்கானாவில் தோண்டியெடுத்த பாராபாசாரஸ் டாகோரே, கொல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் எழுந்து நிற்கிறது. அது கிடைத்த கிராமத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டுமானால் நாட்டின் பாதியைக் கடக்க வேண்டும். அதே நிலப்பகுதியின் கோட்டாசாரஸ் ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் இருப்பதால் தூரம் கொஞ்சம் குறைகிறது. குஜராத் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. பாலசினோர் அருகே ராயோலி கிராமத்தில் முட்டைகளும் எலும்புகளும் கிடைத்த நிலத்திலேயே பூங்கா அமைத்து, பக்கத்திலேயே 2019 ஜூனில் அருங்காட்சியகத்தையும் திறந்தார்கள். 2003இல் அறிவிக்கப்பட்ட ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் அங்கே உள்ளூர்க்காரன். குஜராத்தின் தோளி துங்கரியில் கிடைத்த சனாஜே இண்டிகஸின் கதையை எந்தக் குழந்தையும் மறக்காது. மூன்றரை மீட்டர் நீளப் பாம்பு ஒன்று டைனோசர் கூட்டுக்குள் புகுந்து, உடைந்த முட்டையைச் சுற்றிக்கொண்டு, அப்போதுதான் பொரித்திருந்த அரை மீட்டர்க் குஞ்சின் பக்கத்தில் அப்படியே மண்ணில் புதைந்து கல்லாகியிருக்கிறது. 1980களில் தனஞ்சய் மோகபே எடுத்த பாறை அது. உள்ளே பாம்பு இருப்பது புரிந்து கட்டுரையானது 2010இல். கண்காட்சிக்கு வாடகைக்கு எடுத்து வரும் எந்த இயந்திர விலங்கும் இப்படியொரு கதையைச் சொல்லாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அரியலூரில் வந்து நிற்கிறது. வரலாற்று அருங்காட்சியகம் என்றால் மனிதர் வரலாறு, டைனோசருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்கிற தடையை எழுப்புவோருக்கு அரியலூரே பதில். அந்த மாவட்டத்தில்தான் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. எனவே உள்ளூர் வரலாறு என்றதும் பதினோராம் நூற்றாண்டு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் இன்று அந்த மாவட்டத்து மக்கள் பலருக்குச் சோறு போடுவது சிமெண்ட். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அந்தச் சுண்ணாம்புக்கல் ஏன் அங்கே இருக்கிறது? சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உள்ளே ஏறி வந்து, பல கோடி ஆண்டுகள் முன்னும் பின்னுமாக நகர்ந்து, சிப்பிகளும் பவளங்களும் சுருள் ஓடு கொண்ட அம்மோனைட்டுகளுமாகப் படிய வைத்துப் போனதால். டைனோசர்கள் கரையில் திரிந்த காலத்தின் கடலடிதான் இன்று லாரியில் ஏறி ஆலைக்குப் போகிறது. ஊரின் பிழைப்பை விளக்காத உள்ளூர் வரலாறு முழுமையான வரலாறு ஆகாது. அந்தப் பிழைப்பை விளக்கப் புகுந்தால், சோழர் காலத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

இந்தப் பாறைகள் உலக அறிவியலில் எவ்வளவு பெரிய பெயர் என்பது தமிழர்களில் மிகச் சிலருக்கே தெரியும் என்பது வருத்தம். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் சேகரித்தவற்றை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் விவரித்தார். ஹென்றி பிளான்ஃபோர்ட் நடந்து நடந்து பாறைகளை வரைபடமாக்கி, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்து 1862இல் வெளியிட்டார். நம் ஊர்ப் பெயர்கள் அப்படித்தான் உலகப் புவியியல் நூல்களில் ஏறின. பிறகு மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, தென்னிந்தியாவின் கிரெட்டேசியஸ் கால உயிர்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதி 1873 வரை வெளியிட்டார். அதே பாறைப் பகுதியில் உள்ள சாத்தனூர்க் கல்மரத்தை 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டார். 18 மீட்டர் நீளமுள்ள அந்த மரம் இன்றும் அங்கேயே கிடக்கிறது. மரத்தை ஊரை விட்டுக் கொண்டுபோகாமல் அதைச் சுற்றிப் பூங்கா அமைத்தது, பெரும்பாலான எலும்புகளுக்குக் கிடைக்காத நல்வாய்ப்பு.

டைனோசர் என்று வரும்போது அரியலூரிடம் இருப்பது கடல் உயிர்களைப் போலக் கொட்டிக் கிடக்கும் சான்று அல்ல. அரிதான, சர்ச்சை நிறைந்த சான்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டுக்கு அருகில் தோண்டியெடுத்து 1980களின் இறுதியில் விவரித்த பிருகத்காயோசாரஸ் மேட்லியின் கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் என்று அளக்கப்பட்டது. முதலில் இறைச்சி தின்னும் வகையாகக் கருதப்பட்டு, பின்னர் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணிகளோடு சேர்க்கப்பட்டது. அதன் எடை நூறு டன்னைத் தாண்டும் என்ற கணிப்புகள் அண்மையில் வெளியாயின. அப்படியானால் நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று அது. ஆனால் எலும்பு இன்று இல்லை. அந்த மண் மழையில் ஊறிப் பொங்கும் களிமண். எலும்புகள் பொடிந்து போயின. அது எலும்பே அல்ல, கல்லான மரம் என்ற ஐயமும் அறிஞர்களிடம் நெடுநாள் இருந்தது. தோண்டிய காலத்துப் புகைப்படங்கள் 2022இல் வெளியானபோது அந்த வாதம் மீண்டும் சூடுபிடித்தது. அதே இருவர் 1979இல் பெயரிட்ட திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டியும் இப்படித்தான். முதுகில் தட்டுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வகை என்று அறிவிக்கப்பட்டது. கடலில் நீந்திய பிளீசியோசாரஸின் எலும்புகளே அவை என்று சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் 1990களில் மறுத்தார்கள். 2013இல் கல்லமேட்டிலிருந்தே ட்ரூடான்டிட் என்னும் பறவைக்கு நெருங்கிய சிறு டைனோசரின் ஒரே ஒரு பல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மடகாஸ்கரின் தாவரம் தின்னும் சப்பை மூக்கு முதலையான சைமோசூக்கஸை ஒத்த ஒன்றின் பற்களும் அங்கிருந்து அறிவிக்கப்பட்டன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்த காலத்தின் சுவடு அரியலூர் மண்ணில் கிடைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இங்கேதான் பெரிய எதிர்ப்பு வருகிறது. தொலைந்த எலும்பையும் ஒற்றைப் பல்லையும் காட்டினால் எந்தக் குடும்பம் வரும், பிள்ளைகள் கேட்பது டி. ரெக்ஸை அல்லவா? நியாயமான கேள்விதான். 1993இல் வந்த ஜுராசிக் பார்க் படத்துக்குப் பிறகு எந்த நாட்டுக் குழந்தைக்கும் அந்தப் பெயர் தெரியும். கழுத்தை ஆட்டி, கண்ணைச் சிமிட்டி, ஒலிபெருக்கியில் உறுமும் இயந்திர டைனோசர்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. நுழைவுக் கட்டணம் வந்தால்தான் கட்டடத்தின் கூரை ஒழுகாமல் இருக்கும் என்ற நிலையில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்து, அவற்றை வரவழைக்காதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எதைக் காட்டுகிறோம் என்பதை மறைக்கக் கூடாது. டி. ரெக்ஸ் சுமார் 6.8 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகள் முன் வரை வட அமெரிக்காவின் மேற்கில் வாழ்ந்தது. இந்தியாவில் அது ஒருநாளும் கால் வைத்ததில்லை. அந்தப் படம் பிரபலமாக்கிய வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவு. அதற்கு இறகு இருந்தது என்பதற்கான எலும்புத் தடயம் 2007இல் வெளியானது. உறுமும் இயந்திரங்களில் பல இன்றும் படத்தில் கண்ட மொட்டைத் தோலோடுதான் வருகின்றன. அப்படிப்பட்ட ஒன்றைக் கூடத்தில் நிறுத்தி, அதன் காலடியில் கல்லமேட்டுக் கீழ்க்காலின் நீளத்தைத் தரையில் கோடாக வரைந்து, நம்முடையது இவ்வளவு, அதனுடையது இவ்வளவு என்று எழுதி வைத்தால், விருந்தாளியே வீட்டுக்காரரை அறிமுகம் செய்துவிடும். எழுதி வைக்காமல் விட்டால், பிள்ளை வீட்டுக்குப் போகும்போது நம் ஊரில் டி. ரெக்ஸ் இருந்தது என்று நினைத்துக்கொண்டு போகும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு அந்த உறுமல் அச்சத்தையே தருகிறது என்பதையும் குடும்பக் கண்காட்சி என்று பலகை மாட்டுகிறவர்கள் மறக்கக் கூடாது.

சர்ச்சைகளைக் குழந்தைகளிடம் சொல்லலாமா, குழம்பிவிடாதா என்பது அடுத்த தடை. ஆராய்ச்சி இதற்கு நேரெதிரான பதிலைத் தருகிறது. மிஷெலின் சி, கோஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வு நாலரை வயதுச் சிறுவன் ஒருவனின் டைனோசர் அறிவை மட்டுமே எடுத்துக்கொண்டது. நாற்பது டைனோசர்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்தவை தனித்தனித் துண்டுகளாக இல்லை. எது எதைத் தின்றது, எதற்கு எந்தத் தற்காப்பு என்று ஒன்றோடொன்று பின்னி வலையாக இருந்தன. நன்றாகத் தெரிந்த டைனோசர்களைச் சுற்றி அந்த வலை இன்னும் இறுக்கமாக இருந்தது. இப்படி அடுக்கி யோசிக்கத் தெரிந்த மனத்துக்கு, அறிஞர்களே தங்கள் கருத்தை மாற்றிக்கொண்ட கதை சுமையாகாது, விருந்தாகும். இதற்கு நல்ல பாடம் மான்டெலின் இகுவானோடானே. ஒரு கூரான எலும்பை அவர் மூக்கின் மேல் கொம்பாக வைத்தார். 1854இல் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் ஓவனின் வழிகாட்டலில் செய்து நிறுத்திய இகுவானோடானுக்கும் மூக்கில் கொம்பு. 1878இல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் அது கட்டைவிரல் முள் என்று உறுதியாயிற்று. கிரிஸ்டல் பேலஸ் சிலைகள் தவறானவை என்று தெரிந்தும் அவற்றை இடிக்கவில்லை. இன்று உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் வைத்துக் காக்கிறார்கள், மூக்குக் கொம்போடு. அறிவியல் எப்படித் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதைக் காட்ட அதைவிட நல்ல பொருள் கிடைக்காது. திராவிடோசாரஸை இரண்டு வடிவிலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எது சரி என்று பிள்ளைகளையே கேட்கும் கண்காட்சியை அரியலூர் நடத்த முடியும். வேறு எந்த ஊராலும் முடியாது.

டைனோசர் கிடைக்கவே வாய்ப்பில்லாத ஊர்களின் நிலை என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். பல்லாவரம் குன்றுகளின் சார்னோகைட் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையானது. எந்த விலங்கும் தோன்றுவதற்கு வெகு முன்பே உருவான அந்தப் பாறையில் எலும்பு கிடைக்காது. அத்தகைய ஊரில் இல்லை என்பதையே கண்காட்சியாக்கலாம். நம் மலையில் ஏன் டைனோசர் கிடைக்காது என்ற கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, பாறைகளின் வயதைக் கற்றுக்கொண்டுதான் வீடு திரும்பும்.

இந்த அறிவு பரவாவிட்டால் நேரும் இழப்பு வெறும் அறியாமையோடு நிற்பதில்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்கள் ஒரே நாளில் பரப்பின. அவை அம்மோனைட் சார்ந்த படிவ உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்க வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் பாட்லியா கிராமத்தில் இதற்கு மறுபக்கம். உழும்போது கிடைத்த உருண்டைகளைக் காக்கர் பைரவராக வைத்து வழிபட்டு வந்தார்கள். அவை உண்மையான டைனோசர் முட்டைகள் என்ற செய்தி 2023இல் வெளியானது. வழிபட்டதால் அவை காப்பாற்றப்பட்டன என்பதை நாம் மதிக்க வேண்டும். கண்டகி ஆற்றின் அம்மோனைட்டுகளைச் சாளக்கிராமமாகப் பூஜை அறையில் வைத்துக் காக்கும் மரபு நமக்கும் உண்டு. காரை, குளக்காநத்தம் பகுதியின் வறண்ட ஓடைகளில் கிடக்கும் அம்மோனைட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களும் உண்டு, சுரங்க இயந்திரங்களும் உண்டு. சுரங்கங்கள்தான் புதிய படிவங்களை வெளியே கொண்டு வருகின்றன என்பதும் உண்மை. மெய்ட்ஸ்டன் எலும்பும் குவாரியில்தான் கிடைத்தது. எனவே சுரங்கம் வேண்டாம் என்பது என் வாதமல்ல. இயந்திரத்தை ஓட்டுகிறவரின் பிள்ளை பள்ளிச் சுற்றுலாவில் அருங்காட்சியகத்துக்குப் போய், பாறையில் சுருள் தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டு வந்து அப்பாவிடம் சொல்ல வேண்டும். வேலி போட்டுக் காவல் வைப்பதை விட இது மலிவு, பலனும் நீடிக்கும்.

அரியலூருக்கு அருகே வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம் ஏற்கெனவே இருக்கிறது. இடம் தேட வேண்டியதில்லை. அதை நடத்துகிறவர்களிடமும் மாவட்டத்தின் சிமெண்ட் ஆலைகளிடமும் ஒரு வேண்டுகோள். கல்லமேட்டில் அளந்த அந்த 2 மீட்டர்க் கீழ்க்கால் எலும்பை, கிடைத்துள்ள அளவுகளையும் புகைப்படங்களையும் வைத்து, அரியலூர் சிமெண்டிலேயே வார்த்து வாசலில் நிறுத்துங்கள். அசல் எப்போது கிடைத்தது, யார் விவரித்தார்கள், எப்படித் தொலைந்தது, எதில் இன்னும் சந்தேகம் இருக்கிறது என்ற நான்கையும் ஆறாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் தமிழில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வரும் கோடை விடுமுறைக்குள் செய்ய முடிகிற வேலைதான் இது.